பழைய டீசல் வண்டியில் கிளட்ச், கியர்பாக்ஸ் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது சுமோ, பொலேரோ, குவாலிஸ், பழைய மஹிந்திரா ஜீப் மாதிரியான வண்டிகளைப் பற்றி. எஞ்சின் நீளவாக்கில் முன்னால் இருக்கும். அதன் முதுகில் கிளட்ச், அடுத்து கியர்பாக்ஸ், அங்கிருந்து ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சில். இண்டிகா போல எஞ்சின் குறுக்கே கிடக்கிற வண்டிகளுக்கும் பெரும்பாலான சோதனைகள் பொருந்தும். இந்த வண்டிகளில் பல நேரம் கிளட்ச் பிளேட்டின் விலையைவிட கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான் உறுத்தும். ஆனால் கீழே உள்ள சோதனைகளில் பாதிக்கு மேல் ஸ்பேனரே தேவைப்படாதவை. காலும் காதும் மூக்கும் போதும்.

கியர் விழ மறுக்கிறது. கோளாறு கிளட்சிலா, கியர்பாக்ஸிலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் பல்லுக்குப் பல் முட்டி நின்றால் வண்டியைக் கையால் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி போடலாம். எஞ்சின் ஓடாதபோது எல்லாம் சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் மல்லுக்கட்டினால் கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது பெடலை மிதித்தும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியவில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கடினமாக இருந்தால் லீவருக்கடியில் உள்ள புஷ், இணைப்புக் கம்பிகள், செலக்டர் (கியரைத் தேர்ந்து நகர்த்தும் பாகம்) பக்கம் பாருங்கள். ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள பழைய அம்பாசடரில் இந்தக் கம்பிகளும் புஷ்களும் தேய்ந்தே பாதித் தொந்தரவு வரும். கியர்பாக்ஸ் பெட்டியைத் தொடாமலே சரியாகிற வேலை அது.

இரண்டாவது சோதனை ரிவர்ஸ் கியர். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, ஒன்று முதல் பத்து வரை நிதானமாக எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்சுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை ரிங்) கிடையாது. கிளட்ச் நன்றாக விட்டிருந்தால் இந்த நேரத்துக்குள் உள்ளே சுற்றுகிற பற்கள் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அவ்வளவு நேரம் காத்திருந்த பிறகும் கர்ரென்று உறுமினால் பிளேட் இன்னும் எஞ்சின் முதுகில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது என்று அர்த்தம்.

கிளட்ச் முழுதாக விடவில்லை என்று தெரிந்துவிட்டது. பிளேட் மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பெடலை மிதித்தும் கிளட்ச் விடாததற்கு, தேய்ந்த பிளேட் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. தேய்ந்த பிளேட் ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காமல் வழுக்கும். விடாமல் இருப்பது, பெரும்பாலும் பெடலின் அழுத்தம் ஃபோர்க் (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கவை) வரை போய்ச் சேராததால் வருகிற கோளாறு.

ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) உள்ள வண்டி என்றால் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாகப் பம்ப் செய்துவிட்டு கியர் போடுங்கள். இப்போது விழுகிறதா? அப்படியானால் லைனில் ஏர் இருக்கிறது, அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. இன்னொன்று: சிக்னலில் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே நிற்கும்போது, சிறிது நேரத்தில் வண்டி தானாக முன்னால் ஊர ஆரம்பித்தால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் இது நடக்கும். அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து வண்டிக்கடியில் போங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான். கியர்பாக்ஸின் மணி வடிவக் கூட்டின் பக்கவாட்டில் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும், அதன் வாயில் ஒரு ரப்பர் பூட். அந்தப் பூட்டின் உதட்டை நகத்தால் கொஞ்சம் விலக்குங்கள். உள்ளே காய்ந்த தூசி இருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால், விரலில் பிரேக் ஆயில் பிசுபிசுத்தால், ஸ்லேவ் ரப்பர் கிட் போய்விட்டது. பிறகு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவிலிருந்து வரும் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நகர வேண்டும். அரைகுறையாக நகர்ந்தால் கோளாறு ஸ்லேவிலோ மாஸ்டரிலோ அவற்றுக்கு நடுவிலுள்ள ஹோசிலோ இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை. பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப் போய், மிதிக்கிற அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்வதும் உண்டு.

ராடு நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும்: வளைந்த பிளேட், தேய்ந்துபோன ஃபோர்க், உடைந்த டயாஃப்ரம் (பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்) விரல், அல்லது ஃப்ளைவீல் நடுவில் இறுகிப்போன பைலட் பேரிங். மாதக்கணக்கில் ஓடாமல் மழையில் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வது தனிக் கதை.

கிளட்சுக்கு எந்த ஆயில்?

மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில்தான், டாட் 3 அல்லது டாட் 4. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி அளவு கலந்தாலும் ரப்பர்கள் ஊறி உப்பிவிடும். ரப்பர் கிட் மாற்றும்போது சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவதும் இதே விளைவைத் தரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் துருப்புள்ளி விழும், புதுக் கிட் போட்டாலும் நிற்காது. புள்ளி விழுந்த சிலிண்டரை எமரி பேப்பரில் தேய்த்துக் காசு மிச்சம் பிடிப்பதைவிட முழுசாக மாற்றிவிடுவது மேல்.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று ஓட்டிப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். காலியான சாலையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வண்டி சோம்பலாகத்தான் வேகம் எடுக்கும், அது இயல்பு. எஞ்சின் சத்தம் மட்டும் மளமளவென்று ஏறி வேகம் ஏறாமல் நின்றால் ஸ்லிப். இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை என்பதால் காதைத்தான் நம்ப வேண்டும். ஏற்றத்தில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான ஏற்றத்தில், சமதளத்தில் மறைந்திருந்த ஸ்லிப்கூட வெளியே வந்துவிடும். கூடவே எரிந்த நாற்றமும் வரும்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனையும் உண்டு. ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிடிமானம் இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டையும் எரித்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பம்ப், டர்போ, ஃபில்டர் கோளாறால் இழுவை குறைந்த எஞ்சினையும் சிலர் கிளட்ச் ஸ்லிப் என்று சொல்லிவிடுவார்கள். இழுவை இல்லாத எஞ்சின் சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது. ஸ்லிப்பில் சத்தம் ஏறும்.

புது பிளேட் போட்டும் ஸ்லிப் ஆகிறது. ஏன்?

பெடலில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் அல்லது கம்பி வழியாக வேலை செய்யும் கிளட்சில், பெடலை விரலால் அழுத்தினால் முதல் ஓரிரு சென்டிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளியே இல்லாவிட்டால், கால் வைக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (ஃபோர்க் தள்ளுகிற பேரிங்) டயாஃப்ரமை அழுத்திக்கொண்டே இருக்கும், அதாவது நாள் முழுக்க ஹாஃப் கிளட்சில் ஓடுகிறீர்கள். பிளேட் தேயத் தேய இந்த ஃப்ரீ பிளே தானாகக் குறையும் என்பதால் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்.

அது சரியாக இருந்தால் சந்தேகம் ஆயில் மேல். மணி வடிவக் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஆயில் சொட்டு நின்றால் வெள்ளைத் துணியில் தொட்டு எடுங்கள். கரிக் கறுப்பாக இருந்தால் டீசல் எஞ்சின் ஆயில், கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் போயிருக்கிறது. தேன் நிறத்தில் அல்லது பழுப்பாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், கிளட்சிலிருந்து பெட்டிக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது. இந்த சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த பிளேட்டும் குளித்துவிடும். ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் திரும்ப வெளியே வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கிளப்பும்போது வண்டி கடகடவென்று உதறுகிறது. பிளேட்டா?

இருக்கலாம். ஆயில் பட்ட பிளேட், சூட்டில் நீலம் பாய்ந்து திட்டுத்திட்டாக இறுகிய ஃப்ளைவீல், சமமாக அழுத்தாத பிரஷர் பிளேட், எல்லாமே உதறும். ஆனால் முதலில் எஞ்சின் மவுன்டிங்கையும் கியர்பாக்ஸ் மவுன்டிங்கையும் பாருங்கள். பழைய டீசலின் குலுக்கலில் அந்த ரப்பர்கள் பிய்ந்துபோவது சகஜம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாகப் பிடிக்க விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் ஒரு பக்கம் எழும்பிக் குதித்தால் மவுன்டிங் போய்விட்டது. பின் ஸ்பிரிங் யூ போல்ட் தளர்ந்தாலும் இதே உதறல் வரும். இவை எல்லாம் கியர்பாக்ஸை இறக்காமலே முடிகிற வேலைகள்.

பெடல் கல்லு மாதிரி கனக்கிறது?

கேபிள் வண்டியில் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும், அதுதான் முதல் சந்தேகம். இல்லையென்றால் ஃபோர்க் உட்காரும் இடத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது டயாஃப்ரம் விரல்கள் தேய்ந்திருக்கும். கடைசி இரண்டுக்கும் பெட்டி இறங்க வேண்டும்.

சத்தத்தை வைத்து எந்தப் பேரிங் என்று கண்டுபிடிக்கலாமா?

பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சத்தத்தைவிட, அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வண்டி நின்றிருக்கிறது, எஞ்சின் ஐடில், நியூட்ரல், கால் பெடலில் இல்லை. இப்போது ஒரு உறுமல் கேட்கிறது, கிளட்சை மிதித்தால் அடங்குகிறது. இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது பெட்டிக்குள் அதோடு சேர்ந்து சுற்றும் கவுன்டர் ஷாஃப்டின் பேரிங். ஏனென்றால் மிதித்ததும் சுற்றாமல் நிற்பவை அவைதான்.

நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது. பெடலில் காலை லேசாக வைத்த உடனே கீச்சிட ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் ஊளையிட்டால் பைலட் பேரிங். இன்புட் ஷாஃப்ட் நின்று கிராங்க் மட்டும் சுற்றுகிற நேரத்தில்தான் அந்தச் சின்னப் பேரிங்குக்கு வேலை. சில வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் பித்தளை நிறத்தில் ஒரு புஷ் இருக்கும், சங்கதி அதேதான்.

இனி ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பற்கள். 1, 2, 3, 5 எல்லாவற்றிலும் சத்தம் இருந்து 4-வதில் மட்டும் அடங்கினால் கவுன்டர் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். இவ்வகைப் பெட்டிகளில் 4-வது கியர் பொதுவாக நேரடி இணைப்பு. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ப்ரொபெல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்று. கவுன்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர அதன் மேல் பாரம் இருக்காது, அதனால் அதன் குறை அந்தக் கியரில் மறைந்துவிடும். எந்தக் கியரில் சத்தம் அடங்குகிறது என்பது பட்டறைகளில் பலரும் கேட்க மறக்கிற கேள்வி. மெக்கானிக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எஞ்சின் குறுக்கே இருக்கும் வண்டிகளில் நேரடி கியர் என்பதே கிடையாது, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

கடைசியாக, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கு வந்து எஞ்சினை ஐடிலில் விடுங்கள். சத்தம் வேகத்தோடு தொடர்ந்தால் டிஃபரன்ஷியல், சக்கரப் பேரிங், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இவற்றில் ஒன்று. பெட்டியின் வால் பேரிங்கும் இந்தப் பட்டியலில் உண்டு. இதை இறக்கத்தில் செய்யாதீர்கள்.

ஐடிலில் டப்பாவில் கல் உருட்டுவது போல ஒரு கடகடப்பு. கிளட்சை மிதித்தால் நிற்கிறது. பேரிங் போய்விட்டதா?

எப்போதும் அப்படி இல்லை. டீசல் எஞ்சின் ஐடிலில் விட்டு விட்டு உதைக்கும். அந்த உதைப்பில் பாரம் இல்லாத கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். ஐடில் வேகம் குறைவாக இருந்தாலோ, ஒரு இன்ஜெக்டர் சரியாக அடிக்காவிட்டாலோ தட்டல் அதிகமாகும். ஆக்சிலரேட்டரை இம்மியளவு கொடுங்கள். சத்தம் உடனே மறைந்தால் இது வெறும் தட்டல்தான். பேரிங் சத்தம் என்றால் மறையாது, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறும். பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் இந்த உதைப்பை வாங்கத்தான் இருக்கின்றன. அவை தளர்ந்தாலும் தட்டல் கூடும்.

இரண்டாவது கியர் மட்டும் கர்ரென்று கடித்துக்கொண்டு விழுகிறது.

ரிவர்ஸ் சோதனையில் கிளட்ச் தேறியிருந்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. மாற்றும்போது மெதுவாகப் போட்டால் சத்தமில்லாமலும், வேகமாகப் போட்டால் கடித்தும் விழுந்தால் உறுதி. மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இழுக்கிற பழக்கத்தால் இரண்டாவது ரிங்தான் பெரும்பாலும் முதலில் போகும். எல்லா கியரும் கடித்தால் ரிங் அல்ல, கிளட்சோ ஆயிலோ காரணம். பழைய ஜீப்பில் முதல் கியருக்கே சிங்க்ரோ கிடையாது. வண்டி ஓடும்போது அது கடித்தால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

தேய்ந்த ரிங்கோடு கொஞ்ச காலம் ஓட்டலாம், டபுள் கிளட்ச் தெரிந்தால். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ் கியர். பழைய லாரி டிரைவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. ரிங் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிடும்.

கியர் ஆயில் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே?

கையேட்டில் உள்ளதுதான் சரி. பெரும்பாலும் 80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் என்றிருக்கும். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 ஆயில் மிச்சமிருக்கிறதே என்று கியர்பாக்சிலும் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. அதில் கூடுதலாக உள்ள கந்தகக் கலவை பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். அதோடு அந்த வழுவழுப்பில் ரிங் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். சத்தத்தை அமுக்க அதைவிடக் கெட்டியான 140 ஆயில் ஊற்றித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள், குறிப்பாக விற்பனைக்கு நிற்கும் வண்டிகளில். காலைக் குளிரில் கியர் விழ அடம்பிடித்து, சூடானதும் சரியானால் இதைச் சந்தேகியுங்கள்.

ஆயில் மாற்றும்போது முதலில் நிரப்புகிற போல்ட்டைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், பிறகுதான் வடிக்கிற போல்ட். ஆயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் போல்ட் துருவில் இறுகி அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகிற போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. கூரான இரும்புத் துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பதால் வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன் துகள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மலை இறக்கத்தில் எஞ்சின் பிடியில்தான் வண்டியைக் கட்டுப்படுத்துகிறோம், அந்த நேரத்தில் கியர் கழன்றால் பிரேக் மட்டுமே மிச்சம். பெட்டிக்கு வெளியே முதலில் பாருங்கள்: கியர்பாக்ஸ் மவுன்டிங், மணி வடிவக் கூட்டின் போல்ட்டுகள் தளர்வு, லீவரின் ரப்பர் பூட் விறைத்து லீவரைப் பின்னுக்குத் தள்ளுவது. உள்ளே என்றால் கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும், தேய்ந்த செலக்டர் ஃபோர்க், அல்லது முனை மழுங்கிய பற்கள். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுவது மருந்தல்ல, அந்த அழுத்தத்தில் ஃபோர்க் இன்னும் சீக்கிரம் தேயும்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் டொக்கென்று அடிக்கிறது. கியர்பாக்ஸா?

பெரும்பாலும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் பேரிங். சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். அங்கே ஆட்டமில்லை என்றால் டிஃபரன்ஷியல்.

பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். எதையெல்லாம் மாற்றச் சொல்வது?

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக. பைலட் பேரிங், கிராங்க் பின் சீல், இன்புட் சீல் இவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், இறக்குகிற கூலி இரண்டாம் தடவை இல்லை. ஃப்ளைவீலில் வெடிப்போ நீலத் திட்டோ இருந்தால் லேத்தில் லேசாக முகம் எடுக்கலாம். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய பாகங்களை நேரில் பாருங்கள். பிளேட்டில் ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறதா, இல்லை பாதிக்கு மேல் ஃபேசிங் மிச்சமிருக்கும்போதே ஆயிலில் ஊறியிருக்கிறதா என்பது அடுத்த பிளேட் எவ்வளவு காலம் வரும் என்று சொல்லிவிடும். பழைய பிளேட்டுகளின் ஃபேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் பிளேட் எத்தனை கிலோமீட்டர் வரும்?

ஓட்டுகிறவரின் இடது காலைப் பொறுத்தது. பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவருக்கும், ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கிறவருக்கும் ஒரே மாதிரிப் பிளேட் பாதி காலம்கூட வராது.

நடுவழியில் கிளட்ச் சுத்தமாகப் போய்விட்டது. வீடு போய்ச் சேர வழி உண்டா?

பெடல் விழுந்து கிளட்ச் விடாத நிலை என்றால் உண்டு. எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, முன்னால் ஆளோ வண்டியோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாவியைத் திருப்புங்கள். வண்டி துள்ளிக்கொண்டே கிளம்பும். மேல் கியருக்கு மாற, ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு இழுத்து, எஞ்சின் வேகம் இறங்கும்போது லீவரை மெல்ல அழுத்திப் பிடித்தால் சரியான கணத்தில் தானாக விழும். நிற்க வேண்டுமானால் நியூட்ரல், பிறகு மறுபடி முதலிலிருந்து. ஸ்டார்டருக்கு இது நல்லதல்ல, நெரிசலான ஊருக்குள் செய்யவும் கூடாது. ஸ்லிப் ஆகிற கிளட்சுக்கு இந்த வழி உதவாது.

கட்டி இழுப்பதானால், தூரம் அதிகம் என்றால் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது கவுன்டர் ஷாஃப்ட் சுற்றாது, ஆயில் மேலே தெளிக்காது, பின் சக்கரங்கள் சுற்றுவதால் மெயின் ஷாஃப்ட் மட்டும் வறண்டபடி சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியின் வாலில் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள பழைய ஜீப்பில் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும்.